எல்லைக்கோட்டுக்கு இப்பால்

போட்டி முடிவுகளின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நேரம் குறிக்கப்பட்டிருக்கும். மணி, நிமிடம், நொடி என மூன்று எண்கள். சில பெயர்களுக்கு எதிரே மட்டும் எண்கள் இரா, 'டி.என்.எஃப்.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். 'முடிக்கவில்லை' என்பது அவற்றின் பொருள். தொடங்காதவர்களுக்கு வேறு எழுத்துகள் உண்டு. விதியை மீறி நீக்கப்பட்டவர்களுக்கும் வேறு உண்டு. ஆகவே இந்த எழுத்துகள் பொய் சொல்வதில்லை. தொடங்கினார், விதியை மீறவில்லை, ஆனால் முடிக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடியே சொல்கின்றன. எனினும் அச்சிறு குறிப்பு மனத்தில் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது, அதைத் தம் பெயருக்கு எதிரே கண்டவர்களுக்கே தெரியும்.

எங்கள் இல்லத்தில் அந்த எழுத்துகள் மனைவியின் பெயருக்கு எதிரே வந்தன. 2019-ஆம் ஆண்டு மலேசியாவின் லங்காவித் தீவில் நடந்த நெடுந்தொலைவு டிரையத்லான் போட்டியில் அவர் கலந்துகொண்டார். கணவர் துணைக்குச் சென்றார். இக்கட்டுரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். அதற்கான காரணம் போகப் போக விளங்கும்.

இப்போட்டியை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் செய்வதே டிரையத்லான். அதன் நெடிய வடிவத்தில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்ட வேண்டும். அதன் பின்னர் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். மொத்தம் 226 கிலோமீட்டர். எல்லாவற்றையும் 17 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பது வழக்கமான விதி. இதற்கு 'அயர்ன்மேன்', அதாவது இரும்பு மனிதர், என்று பெயர் வந்தது 1978-இல். ஹவாயின் ஓஹு தீவில் வாழ்ந்த ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவருடைய மனைவி ஜூடியும், அங்கே தனித்தனியே நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒன்றாக இணைத்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரி 18 அன்று புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். அதாவது, இப்போட்டி பிறந்த நாளிலேயே முடிக்காதவர்களும் பிறந்துவிட்டார்கள்.

நாற்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் இதற்குள் எதற்காக இறங்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. கடல் அவருக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன என்பதைத் தவிர எங்களிடம் வேறு விடை இல்லை. ஆயத்தம் ஒன்பது மாதங்கள் நடந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது வீட்டின் சட்டமாயிற்று. வாரத்தில் இரு நாள் திருவான்மியூர்க் கடலில் நீச்சல். ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தையும் கடந்து மிதிவண்டிப் பயணம். ஞாயிறு திருப்பலியை மாலைக்கு மாற்றிக்கொண்டோம். கணவர் சமையலை ஏற்றார். கேழ்வரகுக் கூழ் காய்ச்சினார், சக்கரத்துக்குக் காற்றடித்தார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார், நீண்ட ஓட்டங்களின்போது தண்ணீர்க் குப்பிகளோடு ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார். அந்த ஒன்பது மாதங்களில் எங்கள் பேச்சில் 'நீ' என்பதோ 'நான்' என்பதோ குறைந்து, 'நாம்' என்பதே மிகுந்திருந்தது. "நாம் இன்று 30 கிலோமீட்டர் ஓட வேண்டும்" என்று கணவர் சொல்வார், ஓடுவது மனைவி.

சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிக்கும் கெடாவைச் சேர்ந்தது லங்காவித் தீவு. அங்கே கடல் அன்று நல்லபடியாகவே நடந்துகொண்டது. நீச்சல் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. மிதிவண்டிப் பாதையில் மேடுகள் மிகுதி, வெயிலும் மிகுதி. எனினும் குறித்த நேரத்துக்குள் 180 கிலோமீட்டரும் முடிந்தது. ஆனால் பிற்பகலிலிருந்தே வயிறு எதையும் ஏற்கவில்லை. உண்டது திரும்பி வந்தது. குடித்ததும் திரும்பி வந்தது. ஓட்டத்தில் 26-ஆம் கிலோமீட்டர் வரை அவர் ஓடியும் நடந்தும் சென்றார். உணவு மேசை ஒன்றில் நின்ற மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவர், "அக்கா, கொஞ்சம் உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அமர்ந்தவரால் எழ இயலவில்லை. மருத்துவர் வந்து நாடியையும் குருதி அழுத்தத்தையும் பார்த்தார். இதற்கு மேல் செல்வதற்கில்லை என்றார். அப்போது போட்டி தொடங்கி 14 மணி 10 நிமிடம் ஆகியிருந்தது. மீதம் இருந்தது 16 கிலோமீட்டர். மீதம் இருந்த நேரமோ ஏறத்தாழ மூன்று மணி. நேரம் போதுமானதாக இருந்தது, உடல்தான் போதவில்லை. நேரம் பதியும் சிறு கருவியைத் தாங்கிய கணுக்கால் பட்டையை ஒருவர் குனிந்து கழற்றிக்கொண்டார். பட்டை இருந்த இடத்தில் மட்டும் தோல் வெயில் படாமல் வெளுத்திருந்தது. அந்த வளையம் மறைய ஆறு வாரங்கள் ஆயின.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊர் திரும்பியதும் மருத்துவரிடமும், பயிற்சி அளித்தவரிடமும் அந்த நாளின் கணக்கை முழுவதுமாக ஒப்படைத்தோம். எந்த மணியில் என்ன உண்டது, எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர் என எல்லாம் எழுதி வைத்திருந்தோம். அவர்கள் குறை எதையும் காணவில்லை. ஈரம் மிகுந்த வெப்பக் காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. அந்நிலையில் உடல் தன் குருதியைத் தோலுக்கும் தசைகளுக்கும் அனுப்பிவிட்டுக் குடலுக்குக் குறைத்துவிடுகிறது. அப்போது வயிறு வேலைநிறுத்தம் செய்கிறது. வெறும் நீரை மேலும் மேலும் குடித்தாலோ குருதியில் உள்ள சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்து நேரலாம். சிலருக்கு ஒரு நாள் இவ்வாறு நிகழ்கிறது. அதே ஆளுக்கு வேறொரு நாள் நிகழ்வதில்லை. இவ்வளவே விளக்கம்.

ஏதேனும் ஒரு தவறு அகப்பட்டிருந்தால், அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு அமைதியடைந்திருக்கலாம். குற்றவாளி இல்லாத இழப்பைத் தாங்குவதுதான் கடினம். யாரைக் கோபிப்பது? வெயிலையா, வயிற்றையா?

கோபம் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே தங்கியது. அட்டைப்பெட்டியில் கட்டி வந்த மிதிவண்டி கூடத்தின் நடுவிலேயே பிரிக்கப்படாமல் கிடந்தது. பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். "பெட்டியை நகர்த்தலாமா?" என்று எவரும் கேட்கவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பலர், அன்பினால் வந்தவர்கள். அவர்கள் சொன்னவை மூன்று வகைப்பட்டன. "பங்கேற்றதே வெற்றிதான்" என்பது முதல் வகை. அது உண்மையன்று என்பது சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். பங்கேற்பே வெற்றியானால் எல்லைக்கோடு எதற்கு? "அடுத்த ஆண்டு முடித்துவிடலாம்" என்பது இரண்டாம் வகை. நேற்று வீடு எரிந்தவரிடம் நாளை கட்டப்போகும் வீட்டைப் பற்றிப் பேசுவது போன்றது அது. "இந்த வயதில், ஒரு பெண்ணுக்கு, இதெல்லாம் தேவைதானா?" என்பது மூன்றாம் வகை. இதற்கு நாங்கள் விடை அளிக்கவில்லை.

ஒருவர் மட்டும் வேறுவிதமாகப் பேசினார். நாங்கள் நீந்தும் கரையில் படகு இறக்கும் முதிய மீனவர் அவர். முடித்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. கடல் எப்படி இருந்தது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது, சொறிமீன் கடித்ததா, நடுக்கடலிலிருந்து கரை கண்ணுக்குத் தெரிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மனைவி அரைமணி நேரம் பேசினார். ஊர் திரும்பிய பின் அவர் அவ்வளவு பேசியது அன்றுதான். முடிவைக் கேட்பவருக்கு ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம். வழியைக் கேட்பவருக்கோ முழு நாளையும் சொல்ல வேண்டும். அந்த முழு நாள் வீணாகிவிடவில்லை என்பது, சொல்லச் சொல்லத்தான் அவருக்கே புலப்பட்டது.

மூன்று வாரங்கள் சென்றிருக்கும். ஓர் இரவு உணவு வேளையில் கணவர் மெல்லச் சொன்னார்: "அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆனாலும் நானும் முடிக்கவில்லை."

அதுவரை எங்கள் இருவருக்கும் தெரியாத செய்தி அது. தன்னால் கணவரின் ஒன்பது மாத உழைப்பு பாழாயிற்று, அவர் மனத்துக்குள் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்று மனைவி எண்ணியிருந்தார். ஓடியவர் அவர், வலியும் அவருடையது, வருந்தும் உரிமை தமக்கில்லை என்று கணவர் எண்ணியிருந்தார். வந்தவர்களில் எவரும் அவரிடம் ஆறுதல் சொல்லவில்லை. அன்று நள்ளிரவு வரை சாலையோரத்தில் ஈரத் துண்டோடு நின்றவரை, 26-ஆம் கிலோமீட்டருக்குப் பின் ஒருவரும் நினைக்கவில்லை. ஒரே இழப்பை இருவரும் தனித்தனி அறைகளில் வைத்துப் பூட்டியிருந்தோம். அன்றுதான் கதவுகள் திறந்தன. ஒன்பது மாதங்களாகப் புழங்கிய 'நாம்' என்னும் சொல், லங்காவியில் விடுபட்டது, மீண்டும் எங்கள் பேச்சில் வந்து சேர்ந்தது.

அதன் பின்னரே இப்போட்டியின் வரலாற்றை வேறு கண்ணோடு படித்தோம். 1978-இல் முதல் போட்டியில் வழிநெடுக உணவு மேசைகள் கிடையா. ஒவ்வொருவரும் தமக்கு நீரும் உணவும் கொடுக்கத் தம் துணையாட்களைத் தாமே அழைத்து வந்தார்கள். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரின் துணையாட்களிடம் ஒரு கட்டத்தில் தண்ணீர் தீர்ந்துபோனதால் பீர் கொடுத்தார்கள் என்பது இன்றும் சிரிப்போடு சொல்லப்படும் செய்தி. பட்டியலில் இல்லாத துணைவர்கள் முதல் நாளிலிருந்தே அங்கு இருந்தார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டிக் ஹாய்ட், ரிக் ஹாய்ட் என்னும் தந்தையும் மகனும் எங்களுக்கு மிக நெருக்கமானார்கள். மகன் ரிக் பிறவியிலேயே பெருமூளை வாதத்தால் கைகால்களை இயக்க இயலாதவர். அவரைச் சிறு படகில் இருத்திக் கயிற்றால் இழுத்துக்கொண்டு தந்தை நீந்துவார். மிதிவண்டியின் முன்னிருக்கையில் அமர்த்தி ஓட்டுவார். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார். 1988-இல் ஹவாய்ப் போட்டிக்கு இருவரும் வந்தபோது, நீச்சலுக்குரிய நேரத்துக்குள் கரையேற முடியாமல் அங்கேயே நிறுத்தப்பட்டார்கள். 1989-இல் மீண்டும் வந்து முடித்தார்கள். முடித்த படத்தைத்தான் உலகம் பார்க்கிறது. நாங்களோ அந்த 1988-ஐயே நெடுநேரம் நினைத்துப் பார்த்தோம். அன்று முடிக்காதவர் யார்? நீந்திய தந்தையா, படகில் இருந்த மகனா? அப்படிப் பிரித்துக் கேட்கவே இடமில்லை அல்லவா? டிக் 2021-இலும் ரிக் 2023-இலும் மறைந்தார்கள்.

முடிக்காதவர்களின் வரிசையில் பெரிய பெயர்களும் உண்டு. ஹவாய்ப் போட்டியில் ஆறு முறை வென்ற மார்க் ஆலன், 1982-இல் அங்கு முதன்முதலாக வந்தபோது, மிதிவண்டியின் கியர் மாற்றும் பகுதி உடைந்து பாதி வழியில் நின்றவர். பாலா நியூபி பிரேசர் 1995-இல் முன்னணியில் ஓடி வந்து, எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்பாகச் சரிந்து விழுந்தார்; நெடுநேரம் தரையில் கிடந்து, பின் எழுந்து நடந்து நான்காவதாக முடித்தார். மறு ஆண்டு அவர் எட்டாம் முறையாக வென்றார். நம் வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க இன்னொருவர் அமெரிக்கக் கன்னியரான அருள்சகோதரி மடோனா பூடர். 1930-இல் பிறந்த அவர், 2012-இல் கனடாவில் நடந்த போட்டியைத் தம் 82-ஆம் வயதில் முடித்தார். மூன்றாம் வகை ஆறுதல்காரர்களுக்கு நாங்கள் சொல்லாமல் விட்ட விடை அவர்தான்.

இக்கதைகள் ஊக்கம் தருபவை. எனினும் அவற்றில் ஒரு குறை இருப்பதையும் கண்டோம். இவை யாவும் பிறகு முடித்தவர்களின் கதைகள்; அல்லது எழுந்து முடித்தவர்களின் கதைகள். மீண்டும் வந்து வென்றதால்தான் ஆலனின் 1982 நமக்கு நினைவிருக்கிறது. 1978-இல் முடிக்காத அந்த மூவரின் பெயர்களை யார் சொல்கிறார்கள்? மறுமுறை முடித்தால்தான் முதல்முறை முடிக்காததற்குப் பொருள் உண்டு என்றால், மறுமுறை வாய்க்காதவர்களின் கதி என்ன?

அந்தக் கேள்விக்கு எங்களைக் காலமே கொண்டுவந்து நிறுத்தியது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியது. நாடுகளின் எல்லைகள் மூடப்பட்டன. கடற்கரைக்குச் செல்லவும் தடை வந்தது. ஹவாயின் உலகப் போட்டியே 2020-இல் கைவிடப்பட்டது. 2021-க்கு உரியது 2022 மே மாதத்தில் யூட்டா மாநிலத்தில் நடந்தது. 'அடுத்த ஆண்டு' என்று எல்லாரும் எங்களுக்கு எளிதாக எடுத்துத் தந்த அந்த ஆண்டு வரவே இல்லை. முடிக்காததை முடிக்காததாகவே வைத்துக்கொண்டு வாழப் பழக வேண்டியதாயிற்று.

பழகுவதற்கு உதவியவை மிகச் சாதாரணமானவை. முதலாவது, ஒரு குறிப்பேடு. இடப்பக்கத்தில் மனைவி அந்த நாளை மணிவாரியாக எழுதினார். வலப்பக்கத்தில் அதே மணிகளைக் கணவர் எழுதினார். அவர் மேட்டில் வாந்தியெடுத்த மணியில், இவர் கரையில் ஒரு மலாய்க்காரக் கடையில் பழம் வாங்கிக்கொண்டிருந்தார். இவர் அஞ்சி நடுங்கிய மாலைப்பொழுதில், அவர் கடலின் மேல் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அமைதியாக நடந்திருந்தார். எழுதி முடித்தபோது, அந்த நாள் நாங்கள் நினைத்திருந்ததைவிடப் பெரிதாகவும், துயரம் குறைந்ததாகவும் இருந்தது.

இரண்டாவது, அட்டைப்பெட்டியைப் பிரித்தது. சங்கிலியில் லங்காவியின் மணல் ஒட்டியிருந்தது. இருவரும் தரையில் அமர்ந்து துடைத்து எண்ணெய் இட்டோம்.

மூன்றாவது, பெருந்தொற்றுக்கு முன், 2020 சனவரியில் சென்னையில் நடந்த நெடுந்தொலைவு ஓட்டம் ஒன்றில் தண்ணீர் மேசையில் பணிசெய்தது. இளைஞர் ஒருவர் தசைப்பிடிப்பால் தள்ளாடி வந்து நின்றார். இனி ஓட முடியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கணவர் எதுவும் சொல்லவில்லை; நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். மனைவி எத்தனை கிலோமீட்டர் வந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். "முப்பத்தொன்று" என்றார் அவர். வழியில் எங்கே கடினமாக இருந்தது என்று அடுத்துக் கேட்டார். இளைஞர் சொல்லத் தொடங்கினார். மீனவரிடம் நாங்கள் பெற்றதை அவரிடம் கொடுத்துவிட்டோம்.

2022-இல் போட்டிகள் மீண்டும் தொடங்கியபோது, மறுபடியும் பெயர் கொடுப்பதா என்று நாங்கள் பலநாள் பேசினோம். எங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டோம்: நாம் போவது கடலுக்காகவும் சாலைக்காகவுமா, அந்த மூன்று எழுத்துகளை அழிப்பதற்காகவா? அழிப்பதற்காகத்தான் என்று அப்போதைய எங்கள் மனம் நேர்மையாகச் சொன்னது. ஆகவே பெயர் கொடுக்கவில்லை. ஒரு பட்டியலை இன்னொரு பட்டியல் அழித்துவிடாது. 2019-இன் குறிப்பு அங்கேயே இருக்கும், இருக்கட்டும். மனைவி இன்றும் வாரம் இருமுறை நீந்துகிறார். கணவர் கரையில் நிற்கிறார். என்றேனும் அழிப்பதற்கு எதுவும் இல்லாத மனத்தோடு போக முடிந்தால் போவோம். போகாவிட்டாலும் குறை இல்லை.

இதை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் இத்தகைய போட்டிகளின் பக்கமே செல்லாதவர்களாக இருக்கலாம். ஆயினும் பாதியில் நின்ற படிப்பு, கூரை ஏறாத வீடு, பிறர் நோயினால் கைவிட்ட வேலை என ஏதோ ஒன்று பலரிடமும் இருக்கும். அத்தகையவர் ஒருவரைச் சந்திக்கும்போது, முடிவைக் கேட்க வேண்டாம்; வழியைக் கேட்போம். அவருக்குப் பின்னால் ஈரத் துண்டோடு நின்றவர் ஒருவர் இருப்பார். அவரையும் ஒரு சொல் கேட்போம்.

எங்கள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். அதில் இரண்டே வரிகள் உள்ளன. முதல் வரி: 'வந்த தொலைவு 210 கிலோமீட்டர்.' இரண்டாம் வரி: 'முடிக்கவில்லை.' இரண்டும் உண்மை. ஒன்றை மறைக்க மற்றொன்றை எழுதவில்லை.